ஒரே கசெற்றில் இரண்டு சிறுமிகள்

பேஸ்மென்றைத் துப்புரவாக்கும்போது பழைய வீடியோக் கசெற்றுகள் ஒரு பெட்டி நிறைய அகப்பட்டன. திறந்ததும் பூச்சி உருண்டை மணம் குப்பென்று வந்தது. ஒவ்வொன்றின் முதுகிலும் அப்பாவின் சாய்ந்த கையெழுத்து: பெரியண்ணை கலியாணம், மாமி வீடு குடிபூரல், பிள்ளையின் சாமத்திய வீடு. இவற்றைக் கணினியில் பார்க்கக்கூடியதாக மாற்றித் தரும் கடைகள் ஸ்காபரோவில் இன்னும் இருக்கின்றன. மகன் கொண்டுபோய்க் கொடுத்து மாற்றி வாங்கிவந்தான்.

"அம்மா, உங்கட சாமத்திய வீடு வடிவா வந்திருக்கு. ஆனா கடைசியில ஏதோ இங்கிலிஷ் நாடகம் ஓடுது" என்றான்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அது ஏதோ நாடகமல்ல. என் சிறுவயதின் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

இரவு தனியாக இருந்து பார்த்தேன். பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் நான் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து நிற்கிறேன். வெளியே பனி கொட்டும் காலம். கால் விறைத்தது இன்றும் நினைவிருக்கிறது. வீடியோக்காரரின் விளக்கு வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்குகிறேன். அவருடைய குரலும் கசெற்றில் பதிவாகியிருக்கிறது. "தங்கச்சி, கீழ பாக்காதேங்கோ. இஞ்சால பாத்து ஒருக்காச் சிரியுங்கோ. சரி, திரும்ப அங்கயிருந்து நடந்து வாங்கோ." நான் திரும்பிப் போகிறேன், மறுபடி நடந்து வருகிறேன். மாமிமார் ஆலாத்தி எடுக்கிறார்கள். விளக்கின் திரி அணைந்துவிட்டதால் இன்னொரு முறை எடுக்கச் சொல்கிறார். பசியா களைப்பா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சிரித்தேன்.

பிறகு படம் குலுங்கி, புள்ளி புள்ளியாகிப் போய், வேறொன்று தொடங்குகிறது. பனி மூடிய வயல், குதிரை இழுக்கும் சறுக்கு வண்டி, அதில் பொன்னிறக் கூந்தலும் பெரிய கண்களுமாக ஒரு சிறுமி. கசெற்றில் மிச்சமிருந்த நேரத்தை வீணாக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அந்த மிச்சத்தில் நான் பதிந்து வைத்தது 'ரோட் ரு அவன்லி' தொடரின் ஒரு பகுதி. அந்தச் சிறுமி சாரா பொலி. என்னைவிடச் சற்று மூத்தவர், ரொறொன்ரோவில் பிறந்தவர்.

அப்போது நாங்கள் ரொறொன்ரோ நகர நடுவில், வெலஸ்லி வீதியும் பார்லிமென்ற் வீதியும் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடியில் இருந்தோம். அந்த நாட்களில் வந்திறங்கிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் அதுதான் முதல் ஊர். லிஃப்ற் கதவு திறந்தால் எந்த மாடியில் யார் மீன்குழம்பு வைக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அப்பாவுக்கு உணவகத்தில் இரவு வேலை, அம்மாவுக்குத் தொழிற்சாலையில் பகல் வேலை. இருவரும் வாசலில் சந்தித்துத் திறப்பை மாற்றிக்கொள்வார்கள். தொலைக்காட்சி யாரோ வீடு மாறும்போது விட்டுப்போனது. கேபிளுக்குக் காசில்லை. இரண்டு கொம்பு அன்ரெனாவைத் திருப்பித் திருப்பி வைத்தால் ஐந்தாம் சனலில் சிபிசி வரும்.

ஞாயிறு மாலை ஒன்றுதான் எல்லோரும் வீட்டில் இருக்கும் பொழுது. அம்மா புட்டு அவிப்பார். அம்மம்மா சேலைக்கு மேல் சுவெற்றரும் காலில் கம்பளி மேசும் போட்டுக்கொண்டு சோபாவின் ஓரத்தில் அமர்வார். அந்த நேரம் அவன்லி தொடங்கும்.

கதை பிரின்ஸ் எட்வேர்ட் தீவில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடப்பது. மொன்றியலில் பணக்காரத் தகப்பனோடு வளர்ந்த சாரா ஸ்டான்லி தாயில்லாப் பிள்ளை. தகப்பன் தொழில் சிக்கலில் மாட்டிக்கொள்ள, தாயின் ஊரான அவன்லிக்கு அவளை அனுப்பிவிடுகிறார்கள். எல். எம். மொன்கொமெரி 1911இல் எழுதிய 'த ஸ்டோரி கேர்ள்' நாவலையும் அவருடைய வேறு கதைகளையும் வைத்துக் கெவின் சலிவன் தயாரித்த தொடர் அது. சிபிசியிலும் அமெரிக்காவில் டிஸ்னி சனலிலும் 1990 முதல் 1996 வரை ஏழு பருவங்கள், 91 பகுதிகள் ஓடியது. தீவுக் கதை என்றாலும் பெரும்பகுதியை எடுத்தது ரொறொன்ரோவுக்கு வடகிழக்கே இருக்கும் அக்ஸ்பிரிட்ஜில். ஒக்ரோபர் மாதத்தில் அப்பிள் பிடுங்கப் போகும்போது அந்தப் பக்கத்து வயல்களையும் மரவேலிகளையும் பார்த்து, இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று பல காலம் நினைத்ததுண்டு.

அம்மம்மாவுக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் இரண்டாம் வாரமே உறவுமுறையைப் பிரித்துவிட்டார். கண்டிப்பான ஆசிரியை ஹெற்றி கிங் பெரியம்மா, இளகிய மனம் கொண்ட ஒலிவியா சின்னம்மா, பண்ணைக்காரர் அலெக் தாய்மாமன். "உது எங்கட ஊர்தானடி மோனை. மாடு நிக்குது, வேலி நிக்குது, ஒரு ரீச்சர் ஊரையே பேசிக்கொண்டு திரியிறா" என்பார். ஹெற்றியாக நடித்த ஜக்கி பரோஸ் விரலை நீட்டி யாரையாவது அதட்டும்போது அம்மம்மாவின் முதுகும் தானாக நிமிரும். எங்கள் ஊரான புங்குடுதீவில் அவருக்குப் படிப்பித்த ரீச்சரின் ஞாபகம் வந்துவிடுமாம்.

ஒரு நாள் சாரா ஸ்டான்லி ஜன்னல் பக்கம் திரும்பி ஒன்றும் பேசாமல் நிற்கும் காட்சி. அம்மம்மா புட்டுக்கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "தாயைத் தின்ற துக்கம் அந்த முகத்தில கிடக்கு. நடிச்சு வாற முகமில்லை உது" என்றார். அம்மா சிரித்தார். "உது நாடகம் அம்மா. தாய் வீட்டில இருப்பா." நானும் அம்மாவின் பக்கம்தான் நின்றேன்.

தாய் வீட்டில் இருக்கவில்லை. தொடரின் முதல் பகுதி ஒளிபரப்பானது 1990ஆம் ஆண்டு ஜனவரி 7. மறுநாள் சாராவுக்குப் பதினொரு வயது. அதே வாரம் அவருடைய தாய் டயான் பொலி புற்றுநோயால் இறந்துபோனார். டயானும் நடிகை, நடிகர்களைத் தெரிவு செய்யும் பணியையும் செய்தவர். நாடு முழுவதும் ஒரு தாயில்லாப் பிள்ளையின் கதையைப் பார்க்கத் தொடங்கிய அந்த வாரத்திலேயே அதை நடித்த பிள்ளையும் தாயில்லாதவள் ஆனாள். பிறகும் ஆண்டுக்கணக்காக விடிய எழும்பிப் படப்பிடிப்புக்குப் போய், இன்னொரு சிறுமியின் துக்கத்தைக் காட்டினாள். இதையெல்லாம் வளர்ந்து, வாசித்துத்தான் அறிந்தேன். அப்போது அம்மம்மா இல்லை.

சாரா பொலி நடிக்கத் தொடங்கியது பள்ளிக்கூடம் போகும் வயதுக்கும் முன்னர். பெவெர்லி கிளியரியின் கதைகளிலிருந்து எடுத்த 'ரமோனா' தொடரில் குறும்புக்காரச் சிறுமியாக வந்தபோது அவரைக் கனடியர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளையாகப் பார்க்கத் தொடங்கினார்கள். அவன்லி அந்தப் பாசத்தைப் பல மடங்கு ஆக்கியது. எங்கள் வகுப்பில் அவருடைய தொப்பி போல ஒன்று வாங்கித் தரச்சொல்லி அழுத பிள்ளைகள் இருந்தார்கள். நான் அழவில்லை. ஆனால் கண்ணாடிக்கு முன் நின்று அவர் போல மெல்லிய குரலில் கதை சொல்லிப் பார்த்ததுண்டு. என் ஆங்கிலத்தில் பாதி அந்தக் கண்ணாடிக்கு முன்னால் வளர்ந்தது.

வளைகுடாப் போர் நடந்த காலத்தில் அவருக்குப் பன்னிரண்டு வயது. அமெரிக்காவில் ஒரு விருது விழாவுக்குச் சமாதானச் சின்னம் ஒன்றை அணிந்துகொண்டு போனார். அதைக் கழற்றச் சொன்னபோது மறுத்துவிட்டார். பிற்காலத்தில் இதைப் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. ஷெல்லுக்குப் பயந்து பங்கருக்குள் இருந்துவிட்டு வந்த பிள்ளைகள் நாங்கள். போர் வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு அப்போது துணிவு வந்ததில்லை. 'பேசாமல் இரு, அகதிக் கேஸ் முடியட்டும்' என்பதுதான் வீட்டில் கேட்ட அறிவுரை. எங்கள் வயதுப் பிள்ளை ஒருத்தி, சம்பளம் தருபவர்களைப் பார்த்து, மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள்.

பதின்ம வயதின் நடுவில் அவர் அவன்லியை விட்டு விலகினார். அதன் பிறகு அற்றம் எகோயனின் 'த சுவீற் ஹியராஃப்ரர்' படத்தில் வேறொரு சாராவைக் கண்டோம். பள்ளிப் பேருந்து விபத்தில் தப்பிய பெண்ணாக, நினைத்ததை முகத்திலேயே வைத்துக்கொண்டு குறைவாகப் பேசுபவராக வந்தார். அதோடு பெரிய நடிகையாகிவிடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் எழுதுவதற்கும் இயக்குவதற்கும் திரும்பினார்.

2006இல் அலிஸ் மன்றோவின் சிறுகதை ஒன்றை எடுத்துத் தானே திரைக்கதை எழுதி 'அவே ஃப்ரொம் ஹேர்' என்ற படத்தை இயக்கியபோது அவருக்கு இருபத்தேழு வயது. மறதி நோய் வந்த மனைவி முதியோர் இல்லத்துக்குப் போகிறாள், கணவனையும் மறக்கிறாள். அந்த வயதில் ஒருவர் முதுமையை இவ்வளவு பொறுமையாகப் பார்க்க முடியுமா என்று வியந்தேன். அம்மம்மா என்னைப் பார்த்து அம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கிய காலம் அது. திரையரங்கில் என் பக்கத்தில் இருந்த அம்மா படம் முடிந்தும் எழும்பவில்லை. அந்தத் திரைக்கதை ஒஸ்கார் பரிந்துரை வரை போனது.

அவர் தயாரிப்பாளராகவும் எழுத்தாளராகவும் நின்ற வேலைகளில் எனக்கு நெருக்கமானது 'அலியஸ் கிரேஸ்'. மார்கிரட் அட்வூட்டின் அந்த நாவலைப் பதினேழு வயதில் படித்துவிட்டு, படமாக்கும் உரிமை கேட்டு அட்வூட்டுக்கே எழுதியவர் சாரா. அந்த வயதில் அது கைகூடவில்லை. இருபது ஆண்டு காத்திருந்து, 2017இல் ஆறு பகுதிகளையும் தானே எழுதித் தயாரித்தார். 1843இல் ரிச்மண்ட் ஹில் பகுதியில் நடந்த கொலை வழக்கு அது. நாங்கள் பிள்ளையார் கோவிலுக்குப் போகும் அதே ரிச்மண்ட் ஹில். வேலைக்கு வைக்கப்பட்ட கிரேஸ் மார்க்ஸ் என்ற இளம்பெண்ணின் கதையை நீதிபதி, வைத்தியர், பத்திரிகைக்காரர் எல்லோரும் தங்கள் விருப்பப்படி சொல்ல, அவளோ கையில் தையலோடு இருந்து தன் கதையைத் தானே சொல்கிறாள். சிறுவயதிலேயே வேலைக்கு அனுப்பப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி எழுத இவரைவிடப் பொருத்தமான ஆள் யார் இருந்திருப்பார்கள்?

தன் சொந்தக் கதையை அவர் சொன்ன விதமும் எனக்குப் பாடம். கனடாவின் தேசியத் திரைப்பட சபையோடு சேர்ந்து 2012இல் எடுத்த 'ஸ்டோரீஸ் வி ரெல்' ஆவணப்படத்தில் தாயைப் பற்றிக் குடும்பத்தினரிடமும் நண்பர்களிடமும் கேட்கிறார். தன்னை வளர்த்த மைக்கேல் பொலி பெற்ற தகப்பன் அல்ல, மொன்றியல் தயாரிப்பாளர் ஹரி குல்கின்தான் பெற்றவர் என்று அறிந்த கதை அதில் வருகிறது. வளர்த்த தகப்பனே ஒலிப்பதிவு அறையில் இருந்து அந்தக் கதையை வாசிக்கிறார். படம் நெடுகப் பழைய வீட்டுச் சுருள்கள் ஓடுகின்றன. அவற்றில் ஒரு பகுதி உண்மையானவை. மறுபகுதியை நடிகர்களை வைத்துப் பழைய பாணியில் எடுத்துச் சேர்த்திருக்கிறார். பார்த்துக்கொண்டிருக்கும்போது பிரித்தறிய முடியாது, முடிவை நெருங்கும்போதுதான் தெரியும்.

அந்தப் படம் என் சாமத்திய வீட்டுக் கசெற்றை வேறு கண்ணால் பார்க்க வைத்தது. அதில் நான் சிரிப்பது உண்மையான சிரிப்பு என்றே குடும்பம் முழுக்க நம்புகிறது. "பிள்ளை எவ்வளவு சந்தோசமா நிண்டது" என்று மாமி இன்றும் சொல்வார். வீடியோக்காரர் கேட்டதால் வந்த சிரிப்பு அது. அதே மண்டபத்தில், விளக்கு வேறு பக்கம் திரும்பியிருந்த வேளையில், சின்ன மச்சாள் காதுக்குள் ஏதோ சொல்ல நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அது எந்தக் கசெற்றிலும் இல்லை.

இப்போது சாமத்திய வீடுகள் மாறிவிட்டன. லிமோசின் வருகிறது, பல்லக்கு வருகிறது, விழாவுக்கு முன்னரே பூங்காவில் படப்பிடிப்பு நடக்கிறது, மேலே ட்ரோன் பறக்கிறது. தனக்கு இது வேண்டாம் என்று சொல்லும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதைக் கேட்டு நடக்கும் பெற்றோரும் கூடிவருகிறார்கள். எங்கள் காலத்தில் அப்படிக் கேட்கலாம் என்பதே யாருக்கும் தோன்றியதில்லை.

2022இல் வந்த அவருடைய 'ரன் ரோவேர்ட்ஸ் த டேஞ்சர்' கட்டுரைத் தொகுப்பைப் பேருந்தில் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் படித்தேன். ஆறு நீண்ட கட்டுரைகள். ரொறொன்ரோ நகரின் புத்தக விருது அதற்குக் கிடைத்தது. தீயணைப்புக் கருவி ஒன்று தலையில் விழுந்து, ஆண்டுக்கணக்காக வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் ஒளிந்து வாழ்ந்தவரை, எதற்குப் பயப்படுகிறாயோ அதை நோக்கிப் போ என்று ஒரு வைத்தியர் திருப்பிவிட்டதிலிருந்து அந்தத் தலைப்பு வந்தது.

அதில் ஒரு கட்டுரை 'த அட்வெஞ்சர்ஸ் ஒஃப் பாரன் மன்சௌசன்' படத்தைப் பற்றியது. ரெரி கில்லியம் இயக்கிய அந்தப் பெரிய படத்தில் நடிக்கும்போது சாராவுக்கு எட்டு, ஒன்பது வயது. போர்க்களக் காட்சியில் வெடிகளுக்கு நடுவே ஓட வேண்டியிருந்தது. அந்தப் பயம் தன்னை விட்டுப் போக எவ்வளவு காலம் எடுத்தது என்று எழுதுகிறார். கில்லியம் இன்னொரு சிறுமியை வைத்துப் படம் எடுக்கிறார் என்று அறிந்தபோது, அந்தப் பிள்ளைக்காக அவருக்குக் கடிதம் எழுதியவரும் இவர்தான். அந்தப் பக்கங்களைப் படித்தபோது பேருந்து என் தரிப்பிடத்தைத் தாண்டிப் போய்விட்டது. வெடி படத்துக்காக வைத்ததா, ஊரை அழிக்க விழுந்ததா என்று எட்டு வயது உடம்பு பிரித்தறியாது. அது ஓடும். பிறகு பெரியவர்கள், 'கெட்டிக்காரி, நல்லாய் ஓடினாய்' என்பார்கள்.

அந்தக் 'கெட்டிக்காரி' எனக்கும் பழக்கமானது. அம்மம்மாவை வைத்தியரிடம் கூட்டிப்போனால் நான்தான் நடுவில் இருப்பேன். அவருடைய மார்பு நோவையும் மூத்திரக் கடுப்பையும் வெள்ளைக்கார வைத்தியருக்குச் சொல்வேன். வைத்தியர் சொல்வதை அம்மம்மா பயப்படாதபடி பாதியாக்கிச் சொல்வேன். அப்பாவின் அகதி வழக்குக் கடிதங்களை முதலில் பிரித்துப் படிப்பவளும் நான். அவற்றில் எழுதியிருந்த சில விஷயங்களை அப்பா என்னிடம் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. கடையில், வங்கியில், பள்ளிக்கூடத்தில் எல்லோரும் என் தலையைத் தடவினார்கள். நான் மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சி பொய்யில்லை. அதற்குள் ஒரு களைப்பும் இருந்தது என்பதைச் சொல்ல அப்போது வழி தெரியவில்லை. எங்கள் மாடியில் இருந்த பிள்ளைகளில் பலர் அந்த வேலையைச் செய்தார்கள். எங்கள் பெற்றோருக்கும் வேறு வழி இருக்கவில்லை.

சாரா பொலியிடம் நான் மதிப்பது, தான் பட்டதை எழுதியதோடு நிற்காமல், தன் கைக்கு அதிகாரம் வந்ததும் வேலை செய்யும் முறையையே மாற்றியதை. மிரியம் ரேவ்ஸின் நாவலிலிருந்து அவர் எழுதி இயக்கிய 'விமன் ரோக்கிங்' படத்துக்குச் சிறந்த தழுவல் திரைக்கதைக்கான ஒஸ்கார் 2023 மார்ச்சில் கிடைத்தது. மெனோனைற் குடியிருப்பு ஒன்றில் வன்முறைக்கு ஆளான பெண்கள் வைக்கோல் பரணில் கூடி, போவதா நிற்பதா என்று பேசும் கதை. பாரமான காட்சிகள் என்பதால் உளநல நிபுணர் ஒருவரைப் படப்பிடிப்பில் கூட வைத்திருந்தார்கள். வேலை நேரத்தையும் வழக்கத்தைவிடக் குறைத்தார்கள். பிள்ளைகள் உள்ளவர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேரவேண்டும் என்பது அவர் எண்ணம். மூன்று பிள்ளைகளின் தாய் அவர். சினிமாவில் விடியவிடிய வேலை செய்வதைப் பெருமையாகப் பேசுவார்கள். அப்படியில்லாமலும் நல்ல படம் எடுக்கலாம் என்று செய்து காட்டினார்.

விருது கிடைத்த அடுத்த மாதம் முதலாம் திகதி, அவருடைய பதினொரு வயது மகள் ஒரு கடிதம் தயாரித்துக் கொடுத்தாளாம். ஒஸ்கார் தவறுதலாக உங்களுக்கு வந்துவிட்டது, திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று விருதுக் குழு எழுதியது போன்ற ஏப்ரல் விளையாட்டு. அவரே அதை உலகத்துக்குச் சொல்லிச் சிரித்தார். நான் அந்த வயதைத்தான் நினைத்துக்கொண்டேன். அதே பதினொரு வயதில் சாரா தன் தாயை இழந்துவிட்டு விளக்கு வெளிச்சத்தில் நின்றார். மகளோ வீட்டில் இருந்து தாயைப் பகிடி பண்ணுகிறாள். இந்த மாற்றம் தானாக வரவில்லை, ஒருவர் நினைத்துச் செய்தது.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஆண்டுவிழா நாடகத்தை இப்போது நான்தான் எழுதிப் பழக்குகிறேன். முதல் நாளே பிள்ளைகளிடம், உங்களுக்கு எது சொல்ல விருப்பம் என்று கேட்டுவிட்டுத்தான் வசனம் எழுதத் தொடங்குவேன். மேடைக்கு வர விரும்பாத பிள்ளை திரை இழுக்கலாம், பாட்டுப் போடலாம், சும்மாவும் இருக்கலாம். ஏழு மணிக்குப் பழக்கம் முடியும். போன கிழமை ஒரு தாய், "ரீச்சர், இன்னும் ஒருக்காச் செய்ய விடுங்கோ, எங்கட பிள்ளைக்கு அந்த இடம் வடிவா வரயில்லை" என்றார். பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள். "பரவாயில்லை அக்கா. அவ களைச்சுப் போனா. கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாடு குடுங்கோ" என்றேன். தாய் கொஞ்சம் முகம் சுருங்கித்தான் போனார். இந்தக் கிழமை மகளோடு வந்துவிட்டார்.

எங்கள் பிள்ளைகள் பாடுகிறார்கள், ஆடுகிறார்கள், அரங்கேற்றம் செய்கிறார்கள், தொலைக்காட்சிப் போட்டிகளில் நிற்கிறார்கள். நன்றாகச் செய்தால் கைதட்டுவோம், அது அவர்களுக்கு உரியது. அதற்கு முன்னர் அந்தப் பிள்ளை சாப்பிட்டதா, நித்திரை கொண்டதா, வேண்டாம் என்று சொன்னால் அதைக் கேட்க ஒரு பெரியவர் அங்கே நின்றாரா என்றும் பார்ப்போம். சாரா பொலிக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் இடத்துக்கு வர முப்பது ஆண்டு பிடித்தது. நாங்கள் அதை அடுத்த சனிக்கிழமையே கேட்கலாம்.